ஏஐ லுக்அவுட் கேமரா ரிவ்யூ: நாலு மாசம் 12-4 வாட்ச்ல பக்கத்துல வச்சு பாத்தது

நான் ஒரு பல்க் கேரியர்ல செகண்ட் மேட், அதாவது கேப்டனுக்கு கீழ ரெண்டாவது ஆபீசர். 190 மீட்டர் கப்பல், இந்தோனேசியாவுல நிலக்கரி ஏத்திட்டு தூத்துக்குடி, எண்ணூர், முந்த்ரான்னு இறக்கிட்டு காலியா திரும்புற ரூட். நான் ஜாயின் பண்றதுக்கு முந்தின வாரம் ட்ரைடாக்ல (கப்பல தண்ணிய விட்டு எடுத்து ரிப்பேர் பண்ற இடம்) மங்கி ஐலண்ட் மேல, அதாவது கப்பல ஓட்டுற பிரிட்ஜ் ரூமோட மொட்டமாடில, முன்னாடி என்ன வருதுன்னு கவனிக்கிற ஒரு ஏஐ கேமரா செட் மாட்டிருந்தாங்க. நாலு மாசம் ராத்திரி 12-4, மத்தியானம் 12-4 ரெண்டு வாட்சும் (கப்பல ஓட்டிக் கவனிக்கிற ஷிப்ட்) அது பக்கத்துலயேதான் நின்னேன், அதனால இத எழுதுற அளவுக்கு பாத்திருக்கேன்னு நம்புறேன்.

கம்பெனி பேர் போடல. இந்த மாதிரி செட்ட இப்ப நிறைய பேர் விக்கிறாங்க, பெரும்பாலும் இதே ஐடியாதான், எத வாங்கினாலும் கேக்க வேண்டிய கேள்வியும் அதேதான். நம்ம பசங்க நிறைய பேர் மெர்ச்சன்ட் நேவில இருக்கீங்க, ஆபீஸ்ல சூப்பரின்டென்டென்டா இருக்கிறவங்களும் படிப்பீங்க, கடலுக்கு போற குடும்பத்துல இருந்தும் படிப்பீங்க, எல்லாருக்கும் புரியிற மாதிரி எழுத பாக்குறேன்.

மார்க் முதல்லயே சொல்லிடுறேன். 5க்கு 3. பாக்குறதுக்கு 4 தருவேன். தன்னால பாக்க முடியலங்கிறத ஒத்துக்கிறதுக்கு 1தான்.

செட்ல என்னென்ன இருக்குன்னா மூணு பகல் கேமரா, மூணு தெர்மல் கேமரா, எல்லாமே முன்னாடி பாத்து. பிரிட்ஜ்ல எக்டிஸ்ங்கிற எலக்ட்ரானிக் கடல் மேப் பக்கத்துல ஒரு ஸ்க்ரீன். ராடார், ஏஐஎஸ் (ஒவ்வொரு கப்பலும் தன் பேரையும் இடத்தையும் ரேடியோல சொல்ற கருவி), ஜிபிஎஸ், ஜைரோ (திசை காட்டுறது) எல்லாத்துல இருந்தும் டேட்டா எடுத்துக்கும், கேமராவுல தெரியிற ஒவ்வொரு பொருள் மேலயும் ஒரு கட்டம் போட்டு இது டேங்கர், இது மீன்பிடி படகு, இத்தன மைல், இந்த சிபிஏ (நம்மள எவ்ளோ கிட்டத்துல தாண்டும்ங்கிற தூரம்)ன்னு எழுதும். ஆபத்து இருந்தா மஞ்சள், சிவப்பு, இல்லன்னா பச்சை. எந்தப் பக்கம் திருப்பலாம்னு ஒரு கோடும் போட்டு காட்டும். வீல்ல கை வைக்காது, திருப்புறது நாமதான். ஐநாவோட கப்பல் அமைப்பான ஐஎம்ஓ 2018ல தானியங்கி கப்பல்கள நாலு படியா பிரிச்சாங்கல்ல, அதுல இது முதல் படி: ஆள் உள்ள இருக்கான், மெஷின் யோசன சொல்லுது. ரெண்டாவது படில ஆள் இருப்பான் ஆனா கரையில இருந்து ஓட்டுவாங்க, மூணாவதுல ஆளே இல்லாம கரையில இருந்து, நாலாவதுல கப்பல் தானே முடிவெடுக்கும். நான் பாத்தது வெறும் முதல் படி, ஆனா நாலாவது படிக்கு போற கப்பலுக்கும் கண்ணு இதே மாதிரி கேமராதான், அதனாலதான் இந்த ரிவ்யூவ இவ்ளோ சீரியஸா எழுதுறேன்.

முதல்ல நல்லத சொல்றேன், மனசார சொல்றேன்.

செப்டம்பர் மாசம், முந்த்ராவுக்கு லோடோட போறோம், கன்னியாகுமரிக்கு தெக்க வெட்ஜ் பேங்க்ங்கிற மீன்பிடி இடத்து ஓரமா, ராத்திரி ரெண்டு மணி இருக்கும். காத்து நல்லா இருந்துச்சு, அல மேல வெள்ளையா ஒடஞ்சிட்டு இருக்கு. எக்ஸ் பேண்ட் ராடார்ல நடுவுல முழுக்க சீ க்ளட்டர் (அலைல பட்டு வர்ற பொய்ப் புள்ளி), அத கொறச்சா சின்ன படகும் சேந்து மறஞ்சு போகும், கொறைக்கலன்னா ஒண்ணுமே புரியாது, இது இந்தக் கடல்ல வாட்ச் பாத்த எல்லாருக்கும் தெரிஞ்ச கஷ்டம். ஃபைபர் வள்ளம் ராடார்ல சரியா அடிக்கவே அடிக்காது, ஏஐஎஸ் இருக்காது, விளக்குன்னா ஒரு டார்ச், அதையும் பக்கத்துல வந்தாதான் அடிப்பாங்க. என்கூட லுக்அவுட் (சுத்தி கண்ணு வச்சு பாக்குற வேல) நின்ன ஏபி, அதாவது மாலுமி, ராமநாதபுரம் பக்கத்துக்காரர், என்ன விட 15 வயசு மூத்தவர், நான் அவர அண்ணேன்னு கூப்பிடுவேன் அவர் என்ன சார்னுதான் கூப்பிடுவார். ஸ்க்ரீன்ல போர்ட் (இடது) பக்கம் ஒரு அஞ்சு டிகிரில மஞ்சள் கட்டம் வந்துச்சு, 2.3 மைல். நான் பைனாகுலர்ல பாக்குறேன், ஒண்ணும் இல்ல. அண்ணனும் பாத்துட்டு "ஒண்ணும் தெரியல சார், அலையா இருக்கும்"னாரு. தெர்மல் படத்த பெருசாக்கி பாத்தா நாலு வெள்ளப் புள்ளி, மேல கீழ ஆடுது. நாலு புள்ளியும் ஒண்ணாவே ஏறி ஒண்ணாவே இறங்குது. அண்ணன் அத பாத்ததும் "சார் ஆளு சார்"னு கத்திட்டாரு. ஸ்டார்போர்ட்ல (வலது பக்கம்) 20 டிகிரி கொடுத்துட்டேன்.

1.4 மைல் இருக்கும்போதுதான் அந்தப் பக்கம் டார்ச் ஒருதடவ மின்னுச்சு. அது வரைக்கும் எங்க ரெண்டு பேர் கண்ணுக்கும் அங்க ஒண்ணுமே கிடையாது. 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்துல 1.4 மைல்னா 7 நிமிஷம், 7 நிமிஷம் போதுமேன்னு கரையில இருக்கிறவங்களுக்கு தோணும், ஆனா லோடு கப்பல் வீல திருப்பினதும் திரும்பாது, கொஞ்ச நேரம் பழைய திசையிலேயே இழுத்துட்டு போகும், அவங்க வல எந்தப் பக்கம் கிடக்குன்னும் தெரியாது, அவங்க எந்திரிச்சு இஞ்சின ஸ்டார்ட் பண்ணி நம்ம முன்னாடியே குறுக்க ஓடவும் வாய்ப்பு இருக்கு. முக்கா மைலுக்கு மேல தள்ளி தாண்டிட்டோம். அவங்களுக்கு நாங்க திரும்பினதே தெரியாம கூட இருந்திருக்கும்.

இதுக்காகவே அந்த 4 மார்க். 2021 ஏப்ரல்ல மங்களூருக்கு வெளிய ரபாங்கிற விசைப்படகும் ஒரு கன்டெய்னர் கப்பலும் மோதினது ஞாபகம் இருக்கும், படகுல 14 பேர், அதுல 7 பேர் தமிழ்நாட்டுக்காரங்க, உயிரோட மீட்டது ரெண்டு பேரதான். ராத்திரி நடுக்கடல்ல. அந்த மாதிரி ஒரு ராத்திரில இந்த செட் ஒரு கப்பல்ல இருந்து ஒரு மைல் முன்னாடி சொல்லிட்டா கூட அது எந்த விலைக்கும் தகும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

இப்ப குறைக்கு வரேன், இதத்தான் நிறைய எழுதணும்.

தெர்மல் கேமரா சூட்டு வித்தியாசத்த வச்சுதான் பாக்கும். நார்வே பக்கம் கடல் ஜில்லுன்னு இருக்கும், மனுஷ உடம்பு பளிச்சுன்னு தெரியும். நம்ம கடல் தண்ணியே 28, 29 டிகிரி, காத்துல ஈரப்பதம் வேற, வெயில்ல காஞ்ச வள்ளம் சாயங்காலம் தண்ணியோட ஒரே சூட்டுக்கு வர்ற நேரம் ஒண்ணு இருக்கு, அந்த நேரத்துல படகு தண்ணியோட தண்ணியா கரஞ்சு போயிடுது. வெட்ஜ் பேங்க்ல பாத்த அந்த நாலு பேர் 2.3 மைல்ல தெரிஞ்சாங்க, வேற ஒரு நாள் பொழுது சாயிற நேரத்துல அதே மாதிரி வள்ளம் 0.9 மைல்லதான் கட்டத்துக்குள்ள வந்துச்சு, அதையும் மிதவன்னு எழுதி காட்டுச்சு. மிதவன்னா அதுக்குள்ள ஆள் இல்லன்னு அர்த்தம். இதுக்கு சொல்லிக் கொடுத்த படங்கள்ல நம்ம ஊர் வள்ளம், கட்டுமரம், இலங்கை ஒருநாள் படகு எல்லாம் எத்தன இருந்திருக்கும்னு எனக்கு பெரிய சந்தேகம். வாங்குறவங்க முதல்ல கேக்க வேண்டியது இது, எந்தக் கடல்ல எடுத்த படத்த வச்சு இதுக்கு சொல்லிக் கொடுத்தீங்கன்னு.

அடுத்து டக், அதாவது இழுவைக் கப்பல். சிங்கப்பூர் ஸ்ட்ரெய்ட்டும் கலிமந்தான் பக்கமும் போனவங்களுக்கு தெரியும், ஒவ்வொரு நிலக்கரி பார்ஜையும் (இஞ்சின் இல்லாத தட்டையான சரக்குப் படகு) ஒரு டக் நீளமான கயித்துல இழுத்துட்டு போகும், டக்குக்கும் பார்ஜுக்கும் நடுவுல இருநூறு முந்நூறு மீட்டர் கயிறு தண்ணிக்குள்ள கிடக்கும். டக்குல ஏஐஎஸ் இருக்கும், பார்ஜுல இருக்காது, பார்ஜ் விளக்கும் பாதி நாள் எரியாது. ஒரு ராத்திரி ஸ்க்ரீன் எனக்கு போட்டு காட்டின கோடு டக்குக்கு பின்னால 0.1 மைல்ல போற மாதிரி, அழகா, பச்சையா. அந்தக் கோட்டுல போயிருந்தா கயித்து மேல ஏறிருப்போம், அப்புறம் பார்ஜ் வந்து நம்ம பக்கத்துல அடிச்சிருக்கும். டக்குல மேலருந்து கீழ வரிசையா மூணு வெள்ள விளக்கு எரியிது, மூணு வெள்ள விளக்குன்னா பின்னால இழுவ 200 மீட்டருக்கு மேலன்னு கேடட்டா இருக்கும்போதே மனப்பாடம் பண்ண வச்சிருப்பாங்க. மெஷின் அந்த மூணு விளக்கையும் பாத்துச்சு, கட்டமும் போட்டுச்சு, ஆனா டக் 28 மீட்டர்னு எழுதிட்டு நிம்மதியா இருந்துச்சு. பாக்குறது வேற, பாத்தது என்னன்னு புரியிறது வேற. கோல்ரெக்ல, அதாவது கடல்ல மோதாம இருக்கிறதுக்கான உலக விதில, விளக்குக்குன்னு தனி பகுதியே வச்சிருக்கறது இதுக்குத்தான்.

கோல்ரெக் பேச்சு வந்ததால இன்னொண்ணு. அஞ்சாவது ரூல் லுக்அவுட்ட கண்ணாலயும் காதாலயும், கையில இருக்கிற எல்லா வழிலயும் பாக்கணும்ங்குது. இந்த செட்டுக்கு காது கிடையாது, மைக் வேணும்னா தனியா வாங்கணும்னாங்க. வள்ளத்துல இருக்கிறவங்க பயந்தா என்ன பண்ணுவாங்க, டார்ச் அடிப்பாங்க, விசில் ஊதுவாங்க, தகரத்த தட்டுவாங்க. எட்டாவது ரூல், திருப்பினா எதிர்ல இருக்கிறவனுக்கு கண்ணால பாத்தா உடனே தெரியிற அளவுக்கு திருப்புன்னு சொல்லுது. மெஷின் எனக்கு 3 டிகிரி திருப்பு, 4 டிகிரி திருப்புன்னு சொல்லும், கணக்குப்படி சிபிஏ வரும், எண்ணெயும் மிச்சமாகும், ஆனா எதிர்ல வர்றவனுக்கு நான் திரும்பினேனா இல்ல சும்மா ஆடுறேனான்னு புரியாது, புரியாத உடனே அவன் ஒண்ணு பண்ணுவான், பாதி மோதல் அப்படித்தான் ஆரம்பிக்குது. செட்டிங்ல போய் குறைஞ்சது 15 டிகிரின்னு மாத்த முடியுது, கேப்டன்கிட்ட சொல்லி மாத்திட்டோம், ஆனா பெட்டிய திறக்கும்போதே அப்படி வந்திருக்கணும்.

பின்னால கண்ணு கிடையாதுங்கிறதையும் இங்கயே சொல்லிடுறேன். பின்னாலருந்து வேகமா ஓவர்டேக் பண்ற கன்டெய்னர் கப்பல் ராடார் மூலமாத்தான் தெரியும், கேமராவுல வராது. நாலு கேமரா கூட மாட்டினா என்னவாம்.

இனிமே சொல்றதுதான் அந்த 1 மார்க்குக்கான காரணம்.

மலாக்கா ஸ்ட்ரெய்ட்ல விடியக்காலம் சடார்னு காத்தும் மழையும் வந்து அடிக்கும், அந்தக் காத்துக்கு பேரே சுமத்ரா. அன்னிக்கு மூணே காலுக்கு வந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல முன்னாடி கிரேன் கூட தெரியல. ராடார்ல மழ மொத்தமா ஒரு மஞ்சக் கறையா நிக்கிது. நான் கேப்டன கூப்பிட்டேன், கையில வீல் எடுத்தாச்சு, ஃபாக் சிக்னல் போட்டாச்சு. அப்ப திரும்பி இந்த ஸ்க்ரீன பாக்குறேன். பகல் கேமரா முழுக்க தண்ணி சொட்டு, தெர்மல் ஒரே சாம்பல், எந்தக் கட்டமும் இல்ல, மேல பச்சை கலர்ல "தடை ஏதும் இல்லை"ங்கிற அர்த்தத்துல ஒரு வார்த்த. அத பாத்தப்ப எனக்கு வயிறு கலங்கிடுச்சு. ஒண்ணும் தெரியலங்கிறதும் ஒண்ணும் இல்லங்கிறதும் அந்த மெஷினுக்கு ஒரே பச்சை. பத்து நிமிஷம் கழிச்சு மழைக்குள்ளருந்து ஒரு மர பாய்ப்படகு 0.6 மைல்ல வெளிய வந்துச்சு, ராடார்லதான் புடிச்சோம், அதுவும் கேப்டன் மழ க்ளட்டர கையால சரி பண்ணிட்டே இருந்ததால. படகு ஸ்க்ரீன்ல வந்தது மழ விட்டதுக்கு அப்புறம்.

மனுஷன் கண்ணுக்கும் மழைல தெரியாதுதான், அது குத்தம் இல்ல. ஆனா ராமநாதபுரத்து அண்ணன் அன்னிக்கு என்ன சொன்னாரு, "சார் எனக்கு ஒண்ணுமே தெரியல"ன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தையாலதான் நான் ஸ்பீட கொறச்சேன். அந்த வார்த்தைய இந்த மெஷின் சொல்லல. பகல்ல நல்ல வெயில்லயும் இதே கததான், வங்காள விரிகுடால மூணு நாள் கப்பல் மூக்குல தண்ணி அடிச்சு நடு கேமரா கண்ணாடி மேல உப்பு படிஞ்சு போச்சு, படம் மங்கலா இருக்கு, பச்சை மட்டும் பளிச்சுன்னு இருக்கு. நானே மேல ஏறி துடைச்சேன்.

இது புதுசா நடக்குற விஷயம் இல்ல. 1995 ஜூன் 10, ராயல் மெஜஸ்டிங்கிற பயணிக் கப்பல், பெர்முடாவுல இருந்து பாஸ்டனுக்கு 1500 பேரோட வந்துட்டு இருந்துச்சு. கிளம்பின கொஞ்ச நேரத்துலயே ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிள் கழண்டு போச்சு. ஜிபிஎஸ் நிக்கல, சாட்டிலைட் இல்லாமலே வேகத்தையும் திசையையும் வச்சு குத்துமதிப்பா இடத்த கணக்கு போட ஆரம்பிச்சுடுச்சு, டிஸ்ப்ளேல ஓரமா ரெண்டு மூணு எழுத்து மட்டும் மாறிச்சு, ஆட்டோபைலட் அத நம்பி 34 மணி நேரம் ஓட்டிச்சு, ஒருத்தரும் கவனிக்கல. கடைசில நான்டக்கெட் பக்கம் மணல் திட்டுல ஏறினப்ப கப்பல் இருக்க வேண்டிய இடத்துல இருந்து 17 மைல் தள்ளி இருந்துச்சு. நல்லவேள யாரும் சாகல. தனக்கு தெரியலங்கிறத சத்தமா சொல்லாத ஒரு பெட்டி அன்னிக்கு 1500 பேர மணல்ல ஏத்திச்சு. 30 வருஷம் கழிச்சு நான் அதே பச்சைய பாத்துட்டு நிக்கிறேன்.

யார் கையில கப்பல் இருக்குங்கிற குழப்பமும் இதோட சேந்ததுதான். 2017 ஆகஸ்ட் 21, ஜான் மெக்கெய்ன்ங்கிற அமெரிக்க போர்க்கப்பல் சிங்கப்பூர் பக்கம் அல்னிக்ங்கிற டேங்கரோட மோதி 10 பேர் செத்தாங்க. டச் ஸ்க்ரீன்ல ஸ்டீயரிங்கையும் வேகத்த கூட்டிக் கொறைக்கிற த்ராட்டிலையும் வேற வேற இடத்துக்கு மாத்தும்போது எது எங்க போச்சுன்னு தெரியாம ஸ்டீயரிங்கே போச்சுன்னு நெனச்சுட்டாங்க, உண்மைல அது வேற கன்சோலுக்கு போயிருந்துச்சு. அதுக்கப்புறம் அமெரிக்க நேவி கையால தள்ளுற பழைய மாதிரி த்ராட்டிலுக்கே திரும்புறோம்னு சொல்லிடுச்சு. 2024 அக்டோபர்ல நியூசிலாந்து நேவியோட மனவானுயி கப்பல் சமோவா பக்கம் பவளப்பாறைல ஏறி மூழ்கிச்சு, 75 பேரும் தப்பிச்சாங்க, விசாரணைல சொன்னது என்னன்னா கப்பல் ஆட்டோபைலட்ல இருக்குறத கவனிக்காம கப்பல தள்ளித் திருப்புற த்ரஸ்டர் ஃபெயில்னு நெனச்சிருக்காங்க. இந்த ரெண்டுமே ஆள் நெறைய இருந்த போர்க்கப்பல். கரையில ஒரு ரூம்ல உக்காந்து ஒருத்தர் மூணு கப்பல பாத்துக்கிறாருன்னு வைங்க, அதுல ஒண்ணு திடீர்னு "இப்ப நீயே ஓட்டு"ன்னு கொடுத்தா அவருக்கு அந்தக் கடல் கண்ணுக்குள்ள வர எவ்ளோ நேரம் ஆகும்? ராத்திரி 12 மணிக்கு வாட்ச் வாங்கும்போது இருட்டுக்கு கண்ணு பழகவே எங்களுக்கு பத்து நிமிஷம் வேணும்.

அலாரம் பத்தியும் சொல்லணும். சிங்கப்பூர் ஸ்ட்ரெய்ட்ல ஒரு வாட்ச்ல எண்ணிப் பாத்தேன், 61 தடவ கத்துச்சு. அதுல நான் நிஜமா ஏதாவது பண்ண வேண்டி வந்தது ரெண்டு. மிச்சத்த அமுக்க அமுக்க கை தானா பழகிடுது, கண்ணு ஸ்க்ரீன பாக்குறதுக்கு முன்னாடியே விரல் போயிடுது. அது ஆபத்தான பழக்கம், நானே என்ன புடிச்சு நிறுத்த வேண்டி வந்துச்சு. ஓபன் சீ, நெருக்கமான ட்ராஃபிக், போர்ட் அப்ரோச்னு மோட் இருக்கு, அத சரியா வச்சா பாதி குறையிது, மேனுவல்ல அது 90வது பக்கத்துக்கு மேல ஒளிஞ்சிருக்கு.

சர்வீஸ். ஆள் நல்ல ஆளு, மெயில் போட்டா ஒரு நாள்ல பதில் வருது, கொழும்பு துறைமுகத்துக்கு வெளிய அவுட்டர்ல ஏறி வந்து கேபிள் மாத்திக் கொடுத்தாங்க. ஆனா நடுக்கடல்ல சாட்டிலைட் வழியா ஒரு அப்டேட் எங்ககிட்ட கேக்காமயே இறங்கிடுச்சு. மறுநாள் வாட்ச்ல சின்ன டார்கெட் எல்லாம் கம்மியா வருது, எனக்கு கண்ணுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். விசாரிச்சா பொய் அலாரத்த குறைக்க அளவுகோல மாத்திருக்காங்க. பொய் அலாரம் குறஞ்சுது, கூடவே வள்ளமும் குறஞ்சுது. பிரிட்ஜ்ல ஒரு ராடார் செட்டிங்க மாத்தினா கூட அடுத்த வாட்சுக்கு சொல்லிட்டுத்தான் போவோம், இங்க கண்ணையே மாத்திட்டு சொல்லாம இருந்திருக்காங்க. இத ரொம்ப கோவமாவே எழுதி அனுப்பினேன், கேப்டன் சாரும் கையெழுத்து போட்டாரு, இப்ப அப்டேட்டுக்கு முன்னாடி பர்மிஷன் கேக்குது. புது கப்பலுக்கு சைபர் பாதுகாப்பு விதி வந்தாச்சு, 2024 ஜூலை 1க்கு அப்புறம் கட்ட ஒப்பந்தம் போட்ட கப்பலுக்கெல்லாம் கப்பல சோதிச்சு சர்டிபிகேட் கொடுக்கிற கிளாஸ் சொசைட்டிகளோட ஈ26, ஈ27 கட்டாயம். எங்கள மாதிரி பழைய கப்பல்ல மேல கொண்டு வந்து ஒட்டுற பெட்டிக்கு நாமதான் கேள்வி கேட்டாகணும்.

ஜிபிஎஸ் பொய் சொன்னா என்ன பண்ணும்னும் சர்வீஸ் ஆள்கிட்ட கேட்டேன், ஏன்னா செங்கடல், ஹோர்முஸ், கருங்கடல் பக்கம் எல்லாம் ஜிபிஎஸ்ஸ கெடுக்குறது இப்ப சாதாரணமா ஆயிடுச்சு, எக்டிஸ்ல நம்ம கப்பல் பாலைவனத்துல நிக்கும். இதுல ஒரு நல்ல விஷயம், ஏஐஎஸ் ஒரு கப்பல் இங்க இருக்குன்னு சொல்லி கேமராவுல அங்க ஒண்ணும் இல்லன்னா கட்டத்த புள்ளிக் கோட்டுல போடுது. பாருங்க, ஏஐஎஸ் மேல சந்தேகப்பட தெரிஞ்சிருக்கு. தன் மேல சந்தேகப்படத்தான் யாரும் சொல்லித் தரல.

ஆளே இல்லாம போற கப்பல் வந்தாச்சே, இன்னும் என்ன பயம்னு ஆபீஸ்ல இருந்து வந்த ஒரு சார் கேட்டாரு. வந்ததெல்லாம் எங்க எப்படி வந்துச்சுன்னு பாக்கணும். நார்வேல யாரா பிர்க்லாண்ட், 80 மீட்டர், 120 கன்டெய்னர், பேட்டரிலயே ஓடுறது, 2022ல ஓட்ட ஆரம்பிச்சாங்க, ஆள உள்ள வச்சுதான் ஆரம்பிச்சாங்க, அதுவும் ஃபியார்டுங்கிற குறுகலான கடல் நுழைவுக்குள்ள குட்டி தூரம், பாதி நேரம் கர கண்ணுக்கு தெரியும். ஆஸ்கோ கம்பெனியோட மாரிட், தெரேசேன்னு ரெண்டு 67 மீட்டர் கப்பல் ஆஸ்லோ ஃபியார்ட்ல லாரி ட்ரெய்லர் ஏத்திட்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போகுது, அது ரெண்டையும் கட்டினது நம்ம கொச்சி ஷிப்யார்டு, அத நெனச்சா எனக்கு பெருமையாவே இருக்கு. ஜப்பான்ல 2022 ஜனவரில 222 மீட்டர் ஃபெர்ரி சொலேய் 240 கிலோமீட்டர் தானா ஓடிக் காட்டுச்சு. அதே வருஷம் ப்ரிசம் கரேஜ்ங்கிற கேஸ் கப்பல் அமெரிக்காவுல இருந்து கொரியாவுக்கு வந்த வழில பாதி தூரத்துக்கு இந்த மாதிரி சிஸ்டம்தான் வழி முடிவு பண்ணுச்சு. எல்லாமே பெரிய வேலதான், மறுக்கல. ஆனா எந்தெந்த நிலமைல ஓடலாம், அந்த எல்ல தாண்டினா என்ன பண்ணணும்னு எழுதி வச்சிட்டுத்தான் அவங்க ஓட்டுறாங்க. ஏதாவது கெட்டுப்போனா கப்பல் தானா போய் நிக்க வேண்டிய ஆபத்து குறைஞ்ச நிலமைன்னு ஒண்ணு முன்கூட்டியே யோசிச்சு வச்சிருக்கணும். ஃபியார்டுல அது சுலபம், நின்னுட்டா போதும், ஆங்கர போட்டா போதும். மலாக்கால ட்ராஃபிக் லேனுக்கு நடுவுல மழைல கண்ணு தெரியாம ஒரு ஆளில்லாத கப்பல் நின்னா பின்னால வர்றவன் என்ன பண்ணுவான்? போய்ட்டே இருக்கிறதும் ஆபத்து. இதுக்கு ஒரே பதில் எல்லா இடத்துக்கும் கிடையாது, ரூட்டுக்கு ரூட் உக்காந்து எழுதணும். ஐஎம்ஓ இதுக்கு தனி கோட் எழுதிட்டு இருக்கு, 2032 ஜனவரி 1ல கட்டாயமா கொண்டு வரணும்ங்கிறது திட்டம். அந்த கோட்ல நம்ம வள்ளக்காரங்க கண்ணுல இருந்தும் யாராவது ஒரு வரி எழுதணும்னு எனக்கு ஆசை.

வாங்கலாமான்னா, வாங்குங்க. ரெண்டு கண்ணுக்கு மூணாவது கண்ணா வாங்குங்க. அந்த ஆபீஸ் சார் கெளம்பும்போது "இது இருக்கும்போது ராத்திரி லுக்அவுட் ஒரு ஆள் தேவையா"ன்னு கேட்டாரே, அதுக்காக வாங்காதீங்க. இருட்டுல வாட்ச் ஆபீசர் தனியா லுக்அவுட் நிக்கக்கூடாதுன்னு ரூல் வச்சதுக்கு காரணம் இருக்கு. வெட்ஜ் பேங்க்ல மெஷின் நாலு புள்ளிய காட்டுச்சு, அது ஆளுன்னு சொன்னது அண்ணன். ரெண்டுல எது இல்லாம போயிருந்தாலும் நான் 20 டிகிரி கொடுத்திருக்க மாட்டேன்.

டெமோ கொடுக்க வந்தா வெயில் நாள்ல துறைமுகத்துல வச்சு பாத்துட்டு ஓகே சொல்லாதீங்க. ஒரு துணிய எடுத்து நடு கேமராவ மூடிட்டு ஸ்க்ரீன பாருங்க. பச்சை அப்படியே இருந்தா திருப்பி அனுப்புங்க. எங்க செட்டுக்கு அடுத்த வெர்ஷன்ல கேமரா மங்கினா சாம்பல் கலரும் ஒரு சத்தமும் வரும்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. வந்ததும் இதே துணிய வச்சு பாத்துட்டு மார்க்க மாத்துறேன்.

சைன் ஆஃப் ஆகி (கப்பல் வேல முடிஞ்சு இறங்கி) வீட்டுக்கு வந்ததும் என் கூடப்பொறந்த அண்ணன்கிட்ட இத பூரா சொன்னேன். அவன் தூத்துக்குடில ஃபைபர் வள்ளத்துல போறவன், நான் காலேஜ் முடிச்சதே அவன் புடிச்ச மீன்லதான். தெர்மல் படத்த போன்ல காட்டினேன், அந்த நாலு புள்ளிய ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தான். "ஏலே, எங்கள எத்தன மைல்லல இது பாக்கும்?"னு கேட்டான். மழ இல்லன்னா ரெண்டு மைல்ல பாத்துரும்ணேன்னேன்.

"மழைலதாம்ல நாங்க தார்ப்பாய இழுத்து மூடிட்டு கிடப்போம், எந்தக் கப்பல் வருதுன்னு நாங்களும் பாக்க மாட்டோம்"னான்.